கட்டிக்குள் ஒரு நுண்ணூசி

கழுத்திலோ மார்பகத்திலோ அக்குளிலோ தட்டுப்படும் ஒரு கட்டி என்ன வகை என்று அறிய, அதற்குள் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறிதளவு செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே நுண்ணூசி உறிஞ்சு செல் ஆய்வு. மருத்துவர்கள் எஃப்.என்.ஏ.சி. என்பார்கள், நோயாளிகளிடம் ‘ஊசி டெஸ்ட்’ என்றால் புரியும். தோலுக்கு அருகிலுள்ள கட்டியாக இருந்தால் அறுக்க வேண்டியதில்லை, மயக்க மருந்து வேண்டியதில்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. வெளிநோயாளியாக வந்தவர் சில நிமிடங்களில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அறிக்கை பெரும்பாலும் அன்றோ மறுநாளோ கிடைத்துவிடும். செலவும் குறைவு. காசநோயால் வீங்கிய நெறியும் புற்றால் வீங்கிய நெறியும் ஒரே வரிசையில் காத்திருக்கும் இந்திய அரசு மருத்துவமனைகளில் இந்த ஆய்வு இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இவையே போதுமான காரணங்கள்.

இதற்கான ஊசி தனி வகை அல்ல. 22 முதல் 27 கேஜ் வரையிலான சாதாரண ஊசிகளே பயன்படுகின்றன. கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 23 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 0.64 மில்லிமீட்டர், 25 கேஜ் ஊசியினுடையது சுமார் 0.5 மில்லிமீட்டர். ரத்தம் எடுக்க வழக்கமாக எடுப்பது 21 அல்லது 22 கேஜ். மார்பகக் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கும் ட்ரூகட் ஊசியோ பெரும்பாலும் 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்த விட்ட வேறுபாட்டில் இரண்டு முறைகளின் இயல்பும் அடங்கியிருக்கிறது. பருமனான ஊசி, திசுவை அதன் அமைப்பு குலையாமல் ஒரு சிறு உருளையாக வெட்டியெடுக்கும். நுண்ணூசியில் வருபவை உதிரிச் செல்களும் சிறு செல் கொத்துகளும் மட்டுமே. செல்லைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் கேள்விக்கு நுண்ணூசி மிகச் சிறந்த கருவி. அந்தச் செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன, எந்த எல்லையைத் தாண்டியிருந்தன என்று தெரிந்தால்தான் விடை கிடைக்கும் என்றால் அது போதாது. எந்த உறுப்பில் இதை எவ்வளவு நம்பலாம் என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

செய்முறை எளிதாகத் தோன்றும். கட்டியை ஒரு கையின் இரு விரல்களுக்கிடையே நகராமல் பிடித்துக்கொண்டு, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, 10 மில்லி சிரிஞ்சில் பொருத்திய ஊசி உள்ளே செலுத்தப்படுகிறது. முனை கட்டிக்குள் போனபின் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து வெற்றிடம் உண்டாக்கி, ஊசியைக் கட்டிக்குள்ளேயே முன்னும் பின்னுமாகச் சில முறை வேகமாக அசைப்பார்கள். ஊசியின் அடிப்பகுதியில் ஒரு துளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெளியே எடுப்பதற்கு முன் பிஸ்டனை விட்டு வெற்றிடத்தைக் கலைக்க வேண்டும். கலைக்காமல் உருவினால் எடுத்த துளி முழுவதும் சிரிஞ்சின் உடலுக்குள் தெறித்து வீணாகிவிடும். பிறகு ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை நிரப்பி, மீண்டும் பொருத்தி, அந்தத் துளியைக் கண்ணாடி ஸ்லைடின் மேல் ஊதித் தள்ளுவார்கள்.

உறிஞ்சல் என்று பெயர் இருந்தாலும் செல்களைப் பெயர்த்தெடுப்பது உறிஞ்சும் விசை அல்ல. ஊசியின் சாய்ந்த முனை ஒரு கத்தி. ஒவ்வொரு அசைவிலும் அது திசுவைக் கொஞ்சம் சீவுகிறது. வெற்றிடம் செய்வதெல்லாம் திசுவை அந்த முனைக்கு எதிரே இழுத்துப் பிடிப்பதுதான். இதற்குச் சான்று, உறிஞ்சாமலேயே செய்யும் முறை. 1980-களில் பாரிஸில் ஸஸ்டெலா முதலியோர் பரவலாக்கிய இந்த முறையில் சிரிஞ்சே கிடையாது. வெறும் ஊசியை விரல்களில் பிடித்துக் கட்டிக்குள் அசைத்தால், சீவப்பட்ட செல்கள் நுண்துளை ஏற்றத்தால் தாமே ஊசிக்குள் ஏறிவிடும். தைராய்டு போல ரத்த ஓட்டம் மிகுந்த உறுப்புகளில் இதுவே நல்லது. உறிஞ்சினால் செல்களை ரத்தம் மூழ்கடித்துவிடும். உறிஞ்சாவிட்டால் குறைவாக வந்தாலும் தெளிவாக வரும். ஊசிமுனை எதைத் தொடுகிறது என்று விரலுக்கும் தெரியும். நார்த்திசு நறநறவென்று உரசும், கொழுப்பு ஒரு தடையும் காட்டாது. தேர்ந்த கைகள் இந்தத் தகவலையும் மனத்தில் குறித்துக்கொள்கின்றன.

இயற்கையும் இந்த ஆய்வுக்கு ஒரு வகையில் உதவி செய்கிறது. இயல்பான செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் புரதங்களால் இறுகப் பிணைந்தவை. பல புற்றுகளில் இந்தப் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. புற்று பரவுவதற்கு வழி திறப்பதும் இந்தத் தளர்வுதான், நுண்ணூசியில் செல்கள் தாராளமாக வருவதும் இதனால்தான். எனவே தீங்கற்ற நார்க்கட்டியில் குத்தினால் ஸ்லைடில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. புற்றுக்கட்டியில் குத்தினால் பெரும்பாலும் ஸ்லைடு நிறைந்து கிடக்கும். இதற்கு விலக்குகளும் உண்டு. நார்த்திசுவைத் தன்னைச் சுற்றி வளர்த்துக்கொள்ளும் சில மார்பகப் புற்றுகளும் கணையப் புற்றுகளும் செல்களை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஸ்லைடில் விழுந்த துளியை இன்னொரு ஸ்லைடால் மென்மையாக இழுத்துப் பூச வேண்டும். தடித்துப் பூசினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்துவிடும். அழுத்திப் பூசினால் நசுங்கி நூல் நூலாகிவிடும். பூசியவற்றுள் சிலவற்றை 95 சதவீத ஆல்கஹாலில் உடனே நனைத்து நிலைப்படுத்துவார்கள். மற்றவற்றைக் காற்றில் உலர விடுவார்கள். ஆல்கஹாலில் போட்டவற்றுக்குப் பாப்பனிகோலாவ் சாயமோ ஹீமடாக்ஸிலின்-ஈயோசினோ, உலர்ந்தவற்றுக்கு மே-குரூன்வால்ட்-ஜீம்ஸா. முதல் வகை உட்கருவின் உள்விவரங்களைத் துல்லியமாகக் காட்டும். இரண்டாம் வகையில் செல்கள் உலர்ந்து விரிந்து பெரிதாகத் தெரியும். செல்லுக்கு வெளியேயுள்ள கூழ்களும் சளிப்பொருள்களும் தனித்த நிறங்களில் துலங்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியை இரண்டாவது சாயமின்றிப் படிப்பதும், தைராய்டுப் புற்றின் உட்கருவை முதலாவது இன்றிப் படிப்பதும் தேவையற்ற சிரமம். ஆகவே இரண்டும் வேண்டும்.

நுண்ணோக்கியில் முதலில் பார்ப்பது மொத்தக் காட்சி: செல்கள் ஏராளமா, சொற்பமா, ஒழுங்கான தகடுகளாகக் கிடக்கின்றனவா, சிதறியா, பின்னணியில் சீழா, இறந்த திசுவா, கூழா, ரத்தமா. அடுத்துத்தான் தனிச் செல். புற்றுச் செல்லில் உட்கரு பெருத்து, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் விளிம்பு நெளிந்திருக்கும், குரோமாட்டின் திட்டுத் திட்டாகக் கருத்திருக்கும், நியூக்ளியோலஸ் துருத்திக்கொண்டு தெரியும். பக்கத்துப் பக்கத்துச் செல்களே அளவிலும் வடிவிலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருக்கும். இவற்றுள் ஏதோ ஒன்று மட்டும் இருப்பதைக் கொண்டு யாரும் புற்று என்று எழுதுவதில்லை. காயம் ஆறும் இடத்திலும், கதிர்வீச்சு பட்ட இடத்திலும், பால் சுரக்கும் மார்பகத்திலும் நல்ல செல்களே மிரட்டும் தோற்றம் கொள்ளும். கர்ப்ப காலத்து நார்ச்சுரப்பிக் கட்டியைப் புற்று என்று தவறாகப் படிப்பது பாடநூல்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஆபத்து. பரிசோதனைச் சீட்டில் ‘தாய்ப்பால் கொடுக்கிறார்’ என்று எழுத மறக்கும் ஒரு சொற்றொடர் ஒரு மார்பகத்தையே பலிகொள்ள முடியும்.

கட்டிகளுக்குள் ஊசி விட்டுப் பார்க்கும் யோசனை 19-ஆம் நூற்றாண்டிலேயே சில ஐரோப்பிய மருத்துவர்களுக்குத் தோன்றியிருந்தது. ஆனால் முதலில் அதற்குத் தெளிவான பயன் கிடைத்தது புற்றுநோயில் அல்ல. 1904-இல் கிரெய்க், கிரே என்ற இரு ராணுவ மருத்துவர்கள் உகாண்டாவில் தூக்க நோய் கண்டவர்களின் வீங்கிய நிணநீர் முடிச்சுகளில் ஊசி குத்தி, எடுத்த திரவத்தில் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிகள் உயிரோடு நீந்துவதைக் கண்டார்கள். புற்றில் இதை முறையாகப் பயன்படுத்தியது நியூயார்க் மெமோரியல் மருத்துவமனை. அங்கே தலை-கழுத்து அறுவை மருத்துவர் ஹேஸ் மார்ட்டினும், ஆய்வகத் தொழில்நுட்பர் எட்வர்டு எல்லிஸும் 1930-இல் தங்கள் முறையை வெளியிட்டார்கள். நோயியல் வல்லுநர் ஃபிரெட் ஸ்டூவர்ட் 1933-இல் விரிவான ஆய்வுரை எழுதினார். அவர்கள் எடுத்தது 18 கேஜ் ஊசி. இன்றைய அளவுகோலில் அது நுண்ணூசியே அல்ல. ஆரம்ப உற்சாகத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பிற இடங்களில் இது பரவவில்லை. திசுவை முழுதாக வெட்டி, மெழுகில் பதித்து, சீவிப் பார்த்துப் பழகிய நோயியல் வல்லுநர்களுக்கு உதிரிச் செல்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லப் பிடிக்கவில்லை.

அந்தத் தயக்கம் இல்லாத ஒரு கூட்டம் ஸ்வீடனில் இருந்தது. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவின் ரேடியம்ஹெம்மெட் புற்றுநோய் மருத்துவமனையில் 1950-களில் நுண்ணூசியைக் கையிலெடுத்த சிக்ஸ்டன் ஃபிரான்ஸேன் ரத்தவியலில் பயின்றவர். எலும்பு மஜ்ஜைப் பூச்சுகளை உலர்த்தி, சாயமிட்டு, உதிரிச் செல்களைப் படிப்பது ரத்தவியலாருக்கு அன்றாட வேலை. எனவே கட்டியிலிருந்து வந்த துளி அவருக்கு அந்நியமாக இல்லை. உலர்த்திச் சாயமேற்றும் வழக்கம் இந்தத் துறைக்குள் வந்ததும் இப்படித்தான். ஃபிரான்ஸேனும் ஜோசப் ஸாயிசெக்கும் அவர்களுடன் டோர்ஸ்டன் லோவ்ஹாகனும் மெல்லிய ஊசிகளைக் கொண்டு புராஸ்டேட், மார்பகம், தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒரே கையால் சிரிஞ்சை இயக்க உதவும் கைப்பிடியும் அங்கிருந்து வந்ததே. மருத்துவரே கட்டியைத் தொட்டு, தானே குத்தி, தானே நுண்ணோக்கியில் படிப்பது அவர்களுடைய பாணி. இந்தியாவின் மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் துறையே எஃப்.என்.ஏ.சி. அறை நடத்துவது இந்த மரபைச் சேர்ந்தது. அறிக்கை எழுதுபவர் கட்டியையும் தொட்டுப் பார்த்தவராக இருப்பது எந்த நவீனச் சாயத்துக்கும் குறையாத உதவி.

இந்தியாவில் இந்த ஊசி மிக அதிகமாகச் சந்திக்கும் உறுப்பு நிணநீர் முடிச்சு. கழுத்தில் நெறி கட்டிப் பல வாரமாக வற்றாமல் இருந்தால் முதல் சந்தேகம் காசநோய். நம் பழைய மருத்துவம் கண்டமாலை என்று அறிந்திருந்த நோய் இதுவே. பூச்சில் எபிதீலியாய்டு செல்கள் கூடிய கிரானுலோமாக்களும், தயிர்க்கட்டி போல் சிதைந்த திசுவும் தெரிந்தால் காசநோய் என்ற முடிவு ஏறத்தாழ நெருங்கிவிடும். ஸீல்-நீல்சன் சாயத்தில் கிருமிகள் சிவப்பாகத் தெரிந்தால் உறுதி. ஆனால் கிரானுலோமாக்கள் நன்றாக உருவாகியிருக்கும்போது கிருமிகள் அரிதாகவும், வெறும் சீழாக வரும்போது கிருமிகள் மிகுதியாகவும் இருக்கும். உடல் எவ்வளவு திறமையாகப் போராடுகிறது என்பதன் அளவீடு அது. எச்.ஐ.வி. முற்றிய நோயாளியிடம் கிரானுலோமாவே இல்லாமல் கிருமிகள் மட்டும் மண்டியிருப்பதும் இதனால்தான்.

எடுத்த துளியின் ஒரு பகுதியை சி.பி.நாட் எந்திரத்தில் இட்டால் காசநோய்க் கிருமியின் மரபணுத் துண்டு இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டும் சுமார் 2 மணி நேரத்தில் தெரிந்துவிடும். நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்த மாதிரிகளுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. அறுவையின்றி, ஒரே ஊசிக்குத்தில், நோயும் மருந்துத் தடையும் ஒருசேரத் தெரிவது எளிய நோயாளிகளுக்குப் பெரிய வரம்.

நெறி புற்றாலும் வீங்கும். வேறெங்கோ தோன்றிய புற்று நிணநீர் முடிச்சில் வந்து குடியேறியிருந்தால், அந்த அந்நியச் செல்களை நுண்ணூசி கண்டுபிடிப்பது மிக நம்பகமானது. அங்கே இருக்கக் கூடாத செல் அங்கே இருக்கிறது என்பதற்கு அடுக்கு அமைப்பு தேவையில்லை. வாய்ப்புற்று நோயாளியின் தாடைக்கடி நெறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இடது காறை எலும்புக்கு மேலே வரும் ஒரு முடிச்சுக்கு விர்ஷோ முடிச்சு என்று பெயர். வயிற்றிலிருந்து வரும் நிணநீர்க் குழல் அந்தப் பக்கமாகக் கலப்பதால், இரைப்பைப் புற்று தன்னை முதன்முதலில் அங்கே வெளிக்காட்டுவது உண்டு. வயிற்றில் ஒரு தொல்லையும் சொல்லாதவருக்குக் கழுத்தில் குத்திய ஊசி வயிற்றைக் காட்டிக்கொடுக்கும்.

நிணநீர் முடிச்சிலேயே பிறக்கும் லிம்ஃபோமாவில் நிலைமை வேறு. அங்கே புற்றுச் செல்லும் லிம்ஃபோசைட், சுற்றியுள்ள இயல்பான செல்லும் லிம்ஃபோசைட். ஹாட்ஜ்கின் நோயில் வரும் இரட்டை உட்கரு கொண்ட ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லைக் கண்டால் ஊசி சந்தேகத்தைக் கிளப்பலாம். ஆனால் எந்த வகை, எந்த மருந்து என்று முடிவு செய்ய முடிச்சின் உள்ளமைப்பும், பல புரதக் குறியீடுகளும் வேண்டும். அதனால் லிம்ஃபோமா என்று ஐயம் வந்ததும் முடிச்சை முழுதாக எடுத்துப் பார்ப்பதே வழக்கம்.

நுண்ணூசியின் புகழுக்குத் தைராய்டு அளவுக்குக் காரணமான உறுப்பு வேறில்லை. தைராய்டில் முடிச்சு வருவது மிகச் சாதாரணம். அவற்றுள் புற்று சிறுபான்மை. ஊசி ஆய்வு வழக்கத்துக்கு வருமுன், தீங்கற்ற முடிச்சுகளுக்காகவே பலர் கழுத்தை அறுத்துக்கொண்டார்கள். இன்று அல்ட்ராசவுண்டில் சந்தேகமாகத் தெரியும் முடிச்சைத் தேர்ந்து குத்திப் பார்த்த பிறகே அறுவை பற்றிய பேச்சு. அறிக்கை ஊருக்கு ஊர் வேறு மொழியில் இருக்கக் கூடாது என்பதற்காக, அமெரிக்காவின் பெதஸ்தாவில் 2007-இல் நடந்த மாநாட்டை ஒட்டி 6 வகைப்பாடுகள் கொண்ட முறை உருவானது. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி, இரண்டாம் வகையான ‘தீங்கற்றது’ என்ற அறிக்கைக்குப் பின்னும் புற்றாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம். ஆறாம் வகையான ‘புற்று’ என்றால் 97 சதவீதம். இடைப்பட்ட மூன்று வகைகளில் அது முறையே 22, 30, 74 சதவீதம். முதல் வகை ‘போதிய செல்கள் இல்லை’ என்பது. போதுமானது என்று சொல்ல, ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 செல்கள் கொண்ட 6 கொத்துகளாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பாப்பிலரி தைராய்டுப் புற்று நுண்ணூசிக்காகவே படைக்கப்பட்டதோ என்று தோன்றும். அதன் அடையாளம் முழுவதும் உட்கருவில் இருக்கிறது: நீளவாக்கில் ஒரு மடிப்புக் கோடு, வெளிறிய தூள் போன்ற குரோமாட்டின், உட்கருவுக்குள் குமிழாகப் புகுந்த சைட்டோபிளாசம். உதிரிச் செல்லே போதும். அதே தைராய்டில் ஃபாலிகுலர் புற்று இதற்கு நேர் எதிர். தீங்கற்ற ஃபாலிகுலர் கட்டியின் செல்லும் புற்றின் செல்லும் பார்வைக்கு ஒன்றே. கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ செல்கள் துளைத்துக்கொண்டு போயிருந்தால் புற்று, இல்லாவிட்டால் இல்லை. உறையை வெட்டாமல் உறையைப் பார்க்க முடியாது. எனவே எவ்வளவு திறமையானவரும் ‘ஃபாலிகுலர் நியோபிளாசம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சொல்லைக் கண்டு, ஆய்வு சரியாகச் செய்யப்படவில்லை என்று நோயாளிகள் வருந்துவதுண்டு. அது முறையின் எல்லை, செய்தவரின் குறை அல்ல.

மார்பகத்தில் இந்த ஊசியின் ஆட்சி ஏறி இறங்கிவிட்டது. மருத்துவரின் கைப்பரிசோதனை, மாம்மோகிராமோ அல்ட்ராசவுண்டோ, நுண்ணூசி ஆகிய மூன்றும் ஒரே விடை சொன்னால் பிழைக்கு இடம் மிகக் குறைவு. இந்த மும்முனைச் சோதனை பல ஆண்டுகள் உலகெங்கும் நடைமுறையாக இருந்தது. நீர்க்கட்டி என்றால் ஊசியே மருத்துவமும் ஆகிவிடும்: நீர் வடிந்ததும் கட்டி மறைந்துவிடும். இளம்பெண்களுக்கு வரும் நார்ச்சுரப்பிக் கட்டியில் மான் கொம்பு போலக் கிளைத்த செல் தகடுகளும், சுற்றிலும் இறைந்த வெற்று உட்கருக்களும் தெளிவாகத் தெரியும். ஆனால் புற்று என்று தெரிந்த பிறகு இன்றைய மருத்துவம் கேட்கும் கேள்விகள் கூடிவிட்டன. அது பால்நாளத்துக்குள் அடங்கியிருக்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்பது அடுக்கமைப்பு பற்றிய கேள்வி. செல் பதில் சொல்லாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் உள்ளனவா என்று பார்க்கத் திசுத் துணுக்கே வசதி. அதனால் பெரிய மையங்களில் ட்ரூகட் முதலிடம் பிடித்துவிட்டது. அக்குள் நெறியைப் பார்க்கவும், வசதி குறைந்த இடங்களில் முதல் சல்லடையாகவும் நுண்ணூசி தொடர்கிறது.

புராஸ்டேட்டில் அது முற்றிலுமாகவே பின்வாங்கியது. ஃபிரான்ஸேன் குழு 1960-இல் மலக்குடல் வழியே புராஸ்டேட்டைக் குத்திப் புகழ்பெற்றது. ஆனால் அந்தப் புற்றின் வீரியத்தை அளக்க உலகம் ஏற்ற கிளீசன் முறை, சுரப்பிகளின் வடிவத்தையும் அடுக்கையும் பார்த்து மதிப்பெண் இடுவது. அதற்குத் திசு வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பியில் கதை தலைகீழ். காதோரச் சுரப்பியில் மிகுதியாக வரும் பிளியோமார்ஃபிக் அடினோமாவைக் கத்தியால் கீறிச் சதை எடுத்தால், சிந்திய செல்கள் பல ஆண்டுகள் கழித்துச் சிறு சிறு கட்டிகளாக மீண்டும் முளைக்கும். முகத்தசைகளை இயக்கும் நரம்பும் அந்தச் சுரப்பியின் ஊடேதான் போகிறது. ஆகவே நுண்ணூசியே முதல் தேர்வு. உலர்த்திச் சாயமிட்ட பூச்சில் இந்தக் கட்டியின் நார்க்கூழ் பளிச்சென்ற செங்கருநீல நிறத்தில் தெரியும். ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

தோலடிக் கட்டிகளில் எதிர்பாராத விருந்தாளிகளும் அகப்படுவதுண்டு. யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில், நிணநீர் முடிச்சிலோ மார்பகத்திலோ தைராய்டிலோ வேறு காரணத்துக்காகக் குத்திய பூச்சில் மைக்ரோஃபைலேரியாப் புழுக்கள் சுருண்டு கிடப்பதை இந்திய நோயியல் இதழ்கள் தொடர்ந்து பதிவு செய்துள்ளன. பன்றி நாடாப்புழுவின் இளநிலை தசையில் தங்கி உண்டாக்கும் சிஸ்டிசெர்கஸ் முடிச்சும் அப்படியே: கொழுப்புக்கட்டி என்று நினைத்துக் குத்தினால் புழுவின் சுவர்த் துண்டு வரும்.

கைக்கு எட்டாத உறுப்புகளுக்குப் படக்கருவி வழிகாட்டுகிறது. நுரையீரல் கட்டிக்கு சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசி செலுத்தப்படும். நுரையீரல் உறையில் காற்று கசிவது இதன் முக்கிய இடர். பெரும்பாலும் அது தானே அடங்கும், சிலருக்கே குழாய் போட நேரும். மார்புக்கூட்டின் நடுவிலுள்ள முடிச்சுகளை மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் அல்ட்ராசவுண்டு உள்நோக்கி வழியே, உள்ளிருந்தே குத்த முடியும். கணையம் முதுகெலும்புக்கு முன்னே, இரைப்பைக்குப் பின்னே ஒளிந்திருப்பது. வாய் வழியே இறக்கிய உள்நோக்கியின் முனையிலுள்ள அல்ட்ராசவுண்டு அதைக் காட்ட, இரைப்பையின் அல்லது முன்சிறுகுடலின் சுவரைத் துளைத்து ஊசி போகிறது. இப்படி எடுத்ததன் முதல் பதிவு 1992-இல் டென்மார்க்கின் வில்மன் குழுவுடையது. வயிற்றைத் திறந்து பார்த்த காலத்தை நினைத்தால் இது மிகப் பெரிய தாவல்.

கல்லீரலில் வேறு இடத்திலிருந்து வந்த புற்றைக் கண்டறிய ஊசி மிகவும் ஏற்றது. அங்கேயே தோன்றும் கல்லீரல் செல் புற்றில் சற்று நிதானம் தேவை. ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் அதன் ரத்தப் பாய்ச்சல் தனித்த அடையாளம் காட்டினால் ஊசியே வேண்டாம். ஊசித் தடத்தில் புற்று முளைப்பது இந்தக் கட்டியில் சுமார் 2.7 சதவீதம் என்று 2008-இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதில் பருமனான ஊசிகளும் அடக்கம்.

‘ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்’ என்ற அச்சம் ஊருக்குள் பலமாக இருக்கிறது. வயிற்று உறுப்புகளில் நுண்ணூசி செலுத்தியவர்களைப் பற்றிய பெரிய கணக்கெடுப்புகளில், ஊசித் தடத்தில் புற்று முளைத்தது லட்சத்தில் 3 முதல் 9 பேருக்கு. கழுத்து, மார்பகம் போன்ற இடங்களிலும் அது மிக மிக அரிது. இந்த அச்சத்தால் ஆய்வைத் தள்ளிப்போட்டு, கட்டி பெருத்தபின் வருபவர்கள் இழப்பது அதைவிடப் பல மடங்கு.

என்றாலும் ஊசி வைக்கவே கூடாத இடங்கள் சில உண்டு. அச்சம் அங்கே நியாயமானது. விரைக்கட்டியை விரைப்பையின் தோல் வழியே குத்த மாட்டார்கள். விரைக்கும் விரைப்பைத் தோலுக்கும் நிணநீர்ப் பாதைகள் வேறு, குத்தினால் புற்றுக்குப் புதிய பாதை திறக்கும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவில் கண்ணுக்குள் ஊசி போனால், விழிக்குள் அடங்கியிருந்த நோய் வெளியே கசியக்கூடும். அதைக் கண் பரிசோதனையாலும் படங்களாலுமே அறிய வேண்டும். உறைக்குள் அடங்கிய சினைப்பைக் கட்டியையும், புற்று என்ற ஐயமிருந்தால், முழுதாக எடுப்பதே முறை. அட்ரினல் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால், ஊசி பட்டதும் ஹார்மோன்கள் பீறிட்டு ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக ஏறலாம். முதலில் ரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவு பார்க்க வேண்டும். கழுத்தில் துடிக்கும் கட்டி என்றால் அது கரோட்டிட் தமனியை ஒட்டியதாக இருக்கலாம். விரல் வைத்துத் துடிப்பைப் பார்க்காமல் ஊசியை எடுப்பது அசட்டுத் துணிச்சல்.

பரவுவதைவிட நிஜமான இடர், புற்று இருந்தும் ஊசியில் அது வராமல் போவது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த பானைக்குப் பொருந்தும். கட்டி அப்படி அல்ல. பெரிய புற்றின் நடுப்பகுதி ரத்தமின்றி அழுகியிருக்கும், உயிருள்ள செல்கள் ஓரத்தில் இருக்கும். நடுவில் குத்தினால் சிதைந்த கூழே வரும். நீர்க்கட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு புற்றை, நீரை மட்டும் எடுத்தால் தவறவிடலாம். ஆகவே பல திசைகளில் அசைப்பார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் குத்துவார்கள். நீர் வடித்தபின் எஞ்சிய திண்மத்தை மீண்டும் குத்துவார்கள். பெரிய மையங்களில் குத்திய இடத்திலேயே ஒரு பூச்சுக்கு விரைவுச் சாயமிட்டு, செல்கள் போதுமா என்று பார்த்துவிடுவார்கள். கணையம் போன்ற ஆழத்துக்கு இது பெரும் சிக்கனம். நோயாளியை மறுபடி மயக்கி, மறுபடி உள்நோக்கி இறக்க வேண்டியதில்லை.

அமைப்பு இழந்த செல்கள் என்ற குறையை ஈடுசெய்யவும் வழிகள் வந்துவிட்டன. ஊசியை அலசிய திரவத்தைச் சுழற்றி, அடியில் படிந்த செல்களை மெழுகில் பதித்தால் அது ‘செல் பிளாக்’. திசுவைப் போலவே அதைச் சீவி, பல புரதங்களுக்குச் சாயமிட்டு, புற்று நுரையீரலில் பிறந்ததா, குடலில் பிறந்ததா என்று சொல்ல முடியும். நுரையீரல் புற்றில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்தை இந்த மெழுகிலிருந்தோ, சாயமிட்ட ஸ்லைடிலிருந்து சுரண்டிய செல்களிலிருந்தோ பார்க்கிறார்கள். எந்த மாத்திரை என்பதை அது தீர்மானிக்கும். தைராய்டு எடுக்கப்பட்டவரின் கழுத்து நெறியில் குத்திய ஊசியை அலசிய நீரில் தைரோகுளோபுலின் மிகுந்திருந்தால், செல் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் புற்று திரும்பியிருப்பதற்கு அது வலுவான சான்று. பெதஸ்தா மூன்றாம், நான்காம் வகைகளில் தத்தளிக்கும் முடிச்சுகளுக்கு மரபணுச் சோதனைகள் சில நாடுகளில் வழக்கமாகியுள்ளன. விலை காரணமாக இந்தியாவில் அவை இன்னும் சிலருக்கே எட்டுகின்றன.

அறிக்கை கைக்கு வரும்போது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். புற்று என்று உறுதியாகச் சொன்னால் சிகிச்சைத் திட்டம் தொடங்கும், தேவைப்பட்டால் திசுத் துணுக்கும் எடுக்கப்படும். போதிய செல்கள் இல்லை என்றால் மறுபடி குத்த வேண்டும், இயன்றால் அல்ட்ராசவுண்டு உதவியோடு. தீங்கற்றது என்று சொல்லியும் கட்டி கல் போல இறுகியிருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, படத்தில் சந்தேகமாகத் தெரிந்தாலோ, அந்த அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு மறு ஆய்வுக்கோ அறுவைக்கோ போவதுதான் தேர்ந்த மருத்துவர்களின் நடைமுறை.